கறுப்பின அமெரிக்கரிடையே சிகையலங்காரக் கல்வி – ஒரு வரலாற்று நோக்கு

கல்வியின் வரலாற்றை ஆராய்வோர் பல்கலைக்கழகங்களையும் சமயச் சபைகள் நிறுவிய கல்லூரிகளையும் நோக்கும் அளவுக்குக் கைத்தொழில் கற்பித்த கூடங்களை நோக்குவதில்லை. அவற்றுள்ளும் தச்சு, நெசவு, அச்சு என்பவற்றுக்குக் கிடைக்கும் இடங்கூடச் சிகையலங்காரத்துக்குக் கிடைப்பதில்லை. இதற்குக் காரணந் தேட வெகுதூரம் செல்லவேண்டியதில்லை. பிறர் தலையைத் தொட்டுச் செய்யும் தொழில் தாழ்ந்ததென்னும் எண்ணம் பல சமுதாயங்களில் வேரூன்றியிருந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் அது பிறப்பால் விதிக்கப்பட்ட குடிமைத் தொழிலாகவே நெடுங்காலம் நிலவியது. தந்தையிடம் மகன் பார்த்துப் பழகினான். அதற்கெனக் கல்லூரி ஒன்று வேண்டுமென்ற எண்ணத்துக்கே அங்கு இடமிருக்கவில்லை. ஆயின் ஐக்கிய அமெரிக்காவில், அடிமைத்தளையினின்று விடுபட்ட பெற்றோரின் பெண்மக்கள் இதே தொழிலைப் பாடத்திட்டமும் பரீட்சையும் சான்றிதழும் கொண்ட கல்வியாக மாற்றினர். 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் நிகழ்ந்த அம்மாற்றத்துக்கு அவர்களது பிற்கால அரசியல் வரலாற்றோடு உள்ள உறவு சாதாரணமானதன்று.

பெண்களின் கதைக்கு முன்னர் ஆண்களின் கதையைச் சுருக்கமாகவேனும் கூறுதல் வேண்டும். அடிமைமுறை நிலவிய காலத்திலேயே தென்மாநிலத்து எசமானர்கள் தம் அடிமைகள் சிலரைச் சவரத் தொழிலிற் பழக்கியிருந்தனர். விடுதலையின் பின்னர் அத்திறனையே முதலாகக் கொண்டு பல கறுப்பின ஆடவர் நகரங்களிற் கடை திறந்தனர். 1858இல் அடிமையாகப் பிறந்த அலன்சோ ஹேண்டன் அட்லாண்டா நகரின் தலைசிறந்த சவரக் கடைகளுக்கு உரிமையாளராகி, அதில் ஈட்டிய பணத்தைக் கொண்டு 1905இல் ஓர் ஆயுட்காப்புறுதி நிறுவனத்தை அமைக்கும் அளவுக்கு உயர்ந்தார். ஆயின் அக்கடைகளில் அமர்ந்தோர் வெள்ளையரே. தன் இனத்தவன் ஒருவன் வாயிலில் வந்து நின்றால் அவனைத் திருப்பி அனுப்பவேண்டிய நிலையில் அக்கடைக்காரன் இருந்தான். அவனது செல்வம் பிறரது தயவிற் தங்கிய செல்வமாகும்.

அத்தயவு நெடுநாள் நீடிக்கவில்லை. வெள்ளையினத் தொழிலாளர் இத்தொழிலிற் பெருகியதும் போட்டி மூண்டது. 1893இல் ஏ. பி. மோலர் என்பவர் சிக்காகோவில் சவரத் தொழிலுக்கெனப் பாடசாலை ஒன்றைத் தொடக்கினார். 1897இல் மினசோட்டா மாநிலம் இத்தொழில் செய்வோர் அனுமதிப்பத்திரம் பெறவேண்டுமெனச் சட்டமியற்றியது. சுகாதாரமே இவற்றின் நோக்கமெனக் கூறப்பட்டது. அந்நோக்கம் பொய்யானதன்று. எனினும் யார் தொழில் செய்யலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் இதனால் ஒரு சபையின் கைக்குச் சென்றதும் உண்மையாகும். 1926இல் அட்லாண்டா நகரசபை ஒருபடி மேலே சென்று, கறுப்பின நாவிதர் வெள்ளையினப் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் முடி திருத்தலாகாதென விதித்தது. அடுத்த ஆண்டில் ஜோர்ஜியா மாநில உயர் நீதிமன்றம் அவ்விதி செல்லாதெனத் தீர்ப்பளித்தது. வழக்கில் வென்றபோதிலும், வெள்ளையரை நம்பிய தொழிலின் நிலையாமையை அந்நிகழ்ச்சி தெளிவாக உணர்த்திற்று.

பெண்கள் தொடங்கிய இடம் வேறு. அவர்களுடைய வாடிக்கையாளர் அவர்களது இனத்துப் பெண்களே. இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்ளாவிடின் பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இயலாது.

1910ஆம் ஆண்டளவில் ஊதியத்துக்கு உழைத்த கறுப்பினப் பெண்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேற்பட்டோர் வயலிலோ பிறர் வீட்டிலோ உழைத்தனர். பருத்தி கொய்தல், சமையல், துணி வெளுத்தல் என்பனவே அவர்களுக்குத் திறந்திருந்த வழிகள். படித்த சிலர் ஆசிரியைகளாயினர். அவ்வளவே. குழாய்நீர் இல்லாத வீடுகள், ஓய்வற்ற உழைப்பு, காரம் மிகுந்த சவர்க்காரம், போசாக்கின்மை ஆகியன சேர்ந்து தலைத்தோல் நோயையும் முடியுதிர்வையும் அவர்களிடையே பெருகச் செய்திருந்தன. பிற்காலத்தார் பலர் எண்ணுவதுபோல இத்தொழில் அழகாசையில் மட்டும் பிறந்ததன்று; நோயிலும் பிறந்தது.

அந்நோய்க்கு மருந்து கண்டவருள் முன்னோடி அனி டேர்ன்போ ஆவார். இலினோய் மாநிலத்தில், அடிமைகளாயிருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்து, இளமையிலேயே அவர்களை இழந்து, உடன்பிறந்தாளின் ஆதரவில் வளர்ந்தவர். உயர்தரப் பாடசாலையில் இரசாயனத்தில் ஈடுபாடு கொண்டார். நோய் காரணமாகப் படிப்பை முடிக்க இயலவில்லை. 1900ஆம் ஆண்டையொட்டித் தாமே தயாரித்த தலைமருந்தை வீடுவீடாகச் சென்று விற்கத் தொடங்கினார். வாங்கும் பெண்ணின் தலையைத் தாமே கழுவி, மருந்திட்டு, பயனைக் காட்டிய பின்னரே பணம் பெறும் முறையை அவர் கையாண்டார். 1902இல் சென்ற் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தார். 1906இல் 'பொறோ' என்னும் பெயரைத் தம் வியாபாரக் குறியாகப் பதிவு செய்தார். 1914இல் மணம்புரிந்த பின்னர் அனி மலோன் எனவே அறியப்பட்டார்.

அவரது விற்பனைப் பெண்களுள் ஒருத்தி சாரா பிறீட்லவ். லூயிசியானாவில் 1867இல் பிறந்தவர். ஏழு வயதில் அநாதை, பதினான்கில் மணம், இருபதில் கைம்மை. கையில் ஒரு பெண்குழந்தையோடு சென்ற் லூயிசுக்கு வந்து, அங்கு சவரத் தொழில் செய்துகொண்டிருந்த தமையன்மாரை அண்டி, பல ஆண்டுகள் துணி வெளுத்துப் பிழைத்தார். 1905இல் டென்வர் நகருக்குச் சென்று, அடுத்த ஆண்டில் சார்ள்ஸ் ஜோசப் வோக்கரை மணந்து, 'மடம் சி. ஜே. வோக்கர்' என்ற பெயரிற் சொந்த வியாபாரம் தொடக்கினார். கந்தகமும் தேன்மெழுகும் தேங்காயெண்ணெயும் சேர்ந்த அவரது மருந்து டேர்ன்போவின் மருந்தினின்று எவ்வளவு வேறுபட்டது என்பது பற்றி இருவருக்குமிடையே கசப்பான பிணக்கு இருந்தது. கந்தகம் தலைநோய்க்கு மருந்தாகப் பயன்பட்டமை இருவருக்கும் முந்திய செய்தியாதலால், இப்பிணக்கில் எவரையும் கள்வராக்க வேண்டியதில்லை. சூடேற்றிய இரும்புச் சீப்பைக் கண்டுபிடித்தவர் வோக்கரே எனப் பலர் எழுதியுள்ளனர். அதுவும் தவறு. அச்சீப்பு அவருக்கு முன்னரே ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வழக்கிலிருந்தது.

வோக்கரின் உண்மையான சாதனை வேறிடத்திற் காணப்படுகின்றது. 1908இல் பிற்ஸ்பேர்க் நகரில் தம் மகளின் பெயரால் 'லீலியா கல்லூரி'யை அவர் நிறுவினார். 1910இல் தலைமையகம் இண்டியானாப்பொலிசுக்கு மாறியது. 1913இல் நியூயோர்க்கின் ஹார்லம் பகுதியில் மகளின் மேற்பார்வையில் மற்றொரு நிலையம் எழுந்தது. நேரிற் கற்க வசதியற்றோர் 25 டொலர் செலுத்தித் தபால்மூலம் கற்கலாம். தலை கழுவும் முறை, தலைத்தோலைப் பிடித்துவிடும் முறை, பொடுகையும் பிற நோய்களையும் இனங்காணல், கருவிகளைத் தூய்மையாக வைத்திருத்தல், கணக்கு வைத்தல், வாடிக்கையாளரோடு பழகும் பாங்கு என்பன கற்பிக்கப்பட்டன. முடிவிற் சான்றிதழ் வழங்கப்பட்டது. பருத்தி வயலில் வளர்ந்த ஒரு பெண் தன் பெயர் பொறித்த சான்றிதழைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவது சிறிய செயலன்று. வெளுத்த துணிக்குச் சான்றிதழ் எவரும் தந்ததில்லை.

வருவாயும் குறைந்ததன்று. வோக்கரின் முகவர்களுள் திறமையானோர் ஒரு நாளில் 5 முதல் 15 டொலர் வரை ஈட்டியதாகக் கூறப்படுகின்றது. அக்காலத்தில் பயிற்சியற்ற வெள்ளையினத் தொழிலாளி ஒருவனின் வாரச் சம்பளம் ஏறத்தாழ 11 டொலராக இருந்தது. எல்லா முகவரும் அவ்வாறு ஈட்டினர் என்பதற்கில்லை. பாடசாலையே மருந்து விற்கும் கடையாகவும் அமைந்தமையால் மாணவியின் பணம் மீண்டும் நிறுவனத்துக்கே சென்றது என்பதையும் மறைத்தற்கில்லை. முகவராக ஒப்பமிட்டவள் அந்நிறுவனத்தின் பொருட்களையே கையாளக் கட்டுப்பட்டிருந்தாள். தொண்டு, கல்வி, இலாபம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. அவற்றைப் பிரித்தறிவது அங்கு கற்ற பெண்களுக்கே எளிதாயிருந்திராது.

இக்கல்விக்கு எழுந்த எதிர்ப்பே இவ்வரலாற்றின் மிகச் சுவையான பகுதியாகும். அந்நாளிற் கறுப்பின மக்களின் தலைவராகப் போற்றப்பட்ட புக்கர் ரி. வாஷிங்டன் தொழிற்கல்வியின் தீவிர ஆதரவாளர். 1881இல் அவரது தலைமையில் தொடங்கிய டஸ்கீகி நிறுவனம் செங்கல் அறுத்தல், தச்சு, விவசாயம், தையல், சமையல் முதலியவற்றைக் கற்பித்தது. உழைப்பாற் பொருளும், பொருளால் மதிப்பும், மதிப்பால் உரிமையும் வருமென்பது அவரது கொள்கை. அக்கொள்கைக்கு வோக்கரைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எவருமிலர். ஆயினும் 1912 ஓகஸ்டில் சிக்காகோவில் நிகழ்ந்த தேசிய நீக்ரோ வர்த்தகச் சங்க மகாநாட்டில், அவரைப் பேச அனுமதிக்குமாறு சபையிலிருந்து வேண்டுகோள் எழுந்தும் வாஷிங்டன் அதனைப் பொருட்படுத்தவில்லை. இறுதி நாளன்று வோக்கர் தாமாகவே எழுந்து நின்று, பருத்தி வயலிலிருந்து சலவைத் தொட்டிக்கும், அங்கிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து சொந்தத் தொழிற்சாலைக்கும் தாம் வந்த வழியைச் சபையோருக்குக் கூறினார். அடுத்த ஆண்டு மகாநாட்டில் அவர் அழைக்கப்பட்ட பேச்சாளர்.

பேசவிட்டமை ஒன்று, கற்பிக்கவிடுதல் வேறொன்று. தமது சிகையலங்காரப் பாடத்தை டஸ்கீகியின் பாடத்திட்டத்திற் சேர்க்குமாறு வோக்கர் கேட்டபோது வாஷிங்டன் இணங்கவில்லை. முடியை நீட்டி நேராக்கும் தொழில் வெள்ளையரின் அழகைப் பின்பற்றத் தூண்டுமென அவர் கருதினார். எனினும் தென்மாநிலங்களிற் கறுப்பின மாணவருக்கென இயங்கிய வேறு சில கல்லூரிகள் அப்பாடத்தை ஏற்றன. கல்லூரிக் கட்டணஞ் செலுத்த வழியற்ற மாணவி படிக்கும்போதே உழைக்கவும், வெளியேறிய பின் ஆசிரியத் தொழில் கிடைக்காவிடினும் பிழைக்கவும் அது உதவுமென்பது வோக்கரின் வாதமாகும். செங்கல் அறுப்பவனைக் கல்லூரி மாணவன் என ஏற்றவர், சீப்புப் பிடிப்பவளை ஏற்கத் தயங்கியதற்கு அழகு பற்றிய கொள்கை மட்டுமே காரணமா என்பது ஐயத்துக்குரியது. பெண்ணுக்குரிய தொழில் வீட்டோடு ஒட்டியதாயிருத்தல் வேண்டுமென்ற எண்ணமும் அத்தயக்கத்திற் கலந்திருந்தது எனக் கொள்வதே பொருத்தம்.

வாஷிங்டனின் ஆட்சேபத்தை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. 1904இலேயே நனி ஹெலன் பரோஸ் என்னும் கல்வியாளர், தோலை வெளுக்கவும் முடியை நேராக்கவும் முயலும் தம்மினப் பெண்களைக் கடுமையாகக் கண்டித்து எழுதியிருந்தார். அவர் 1909இல் வாஷிங்டன் நகரிற் பெண்களுக்கெனத் தொழிற்பயிற்சிப் பாடசாலை ஒன்றையும் நிறுவியவராதலின், தொழிலை இகழ்ந்தாரெனக் கூறமுடியாது. வோக்கரும் இக்கண்டனத்தின் நியாயத்தை உணர்ந்திருந்தார். தம்மை முடி நேராக்குபவர் என அழைப்பதை அவர் விரும்பவில்லை; முடியைப் பேணுபவரெனவே கூறிக்கொண்டார். ஆயின் அவரது முறையிற் சூட்டுச் சீப்புக்கு இடமிருந்ததையும், பெண்கள் அதனை விரும்பியே வந்ததையும் மறுக்க இயலாது. சொல்லை மாற்றினால் முரண்பாடு மாறிவிடாது. வெள்ளையரின் அழகுக்கு அடிமைப்படுதல் என ஒரு சாராரும், வேலைக்காரியின் முக்காட்டினின்று விடுபடுதல் என மறுசாராரும் ஒரே செயலைக் கண்டனர். வோக்கர் 1919 மே 25ஆந் திகதி காலமானபோது, வாஷிங்டனின் கொள்கைகளுக்கு நேரெதிராக நின்ற டு போய்ஸ் தமது சஞ்சிகையில் அவரது பணியைப் பாராட்டி எழுதினார் என்பது இங்கு கருதத்தக்கது.

1917இல் பிலடெல்பியாவிற் கூடிய வோக்கர் முகவர் மகாநாட்டுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட பெண்கள் வந்திருந்தனர். அவ்வாண்டு யூலையிற் கிழக்குச் சென்ற் லூயிசிற் கறுப்பின மக்கள் பலர் கொல்லப்பட்டிருந்தனர். மருந்து விற்பனை பற்றிப் பேசக் கூடிய அப்பெண்கள், அக்கொலைகளைக் கண்டித்து ஜனாதிபதி வில்சனுக்குத் தந்தி அனுப்பினர். சிகையலங்காரப் பெண்கள் அமைப்பாகத் திரண்டு அரசியற் குரலெழுப்பியதற்கு இது முதற் சான்றுகளுள் ஒன்றாகும். 1919இல் பிலடெல்பியாவிலேயே இத்தொழிலினர் தமக்கென ஒரு தேசியச் சங்கத்தையும் அமைத்தனர்.

அனி மலோனின் கல்லூரி அடுத்த கட்டத்தைக் காட்டுகின்றது. 1918இல் சென்ற் லூயிசிற் கறுப்பின மக்கள் வாழ்ந்த 'வில்' என்னும் பகுதியிற் பொறோ கல்லூரிக்கென மாபெருங் கட்டடம் எழுந்தது. வகுப்பறைகளோடு தொழிற்சாலை, மாணவியர் விடுதி, உணவுச்சாலை, மண்டபம், மாடித் தோட்டம் என்பனவும் அதில் அமைந்திருந்தன. நகரத்தின் விடுதிகளும் உணவகங்களும் கறுப்பின மக்களுக்கு மூடப்பட்டிருந்த காலமது. எனவே கல்லூரி மண்டபம் அவர்களுடைய கூட்டங்களுக்கும் விருந்துகளுக்கும் இசைநிகழ்ச்சிகளுக்கும் உரிய பொதுமன்றமாயிற்று. 1927இற் சூறாவளி நகரைத் தாக்கியபோது வீடிழந்தோருக்குப் புகலிடமாகவும் அது பயன்பட்டது. மாணவியருக்குத் தொழிலோடு நடையும் உடையும் பேச்சும் கற்பிக்கப்பட்டன. இன்று படிப்போருக்கு இது சற்று நகைப்பைத் தரலாம். ஆனால் தெருவில் எவரும் அவமதிக்கக்கூடிய ஒரு பெண் நிமிர்ந்து நடப்பதற்கும் பயிற்சி தேவைப்பட்டது. மலோன் 1930இல் தலைமையகத்தைச் சிக்காகோவுக்கு மாற்றினார். மணமுறிவும் வழக்குகளும் வரிப் பிணக்குகளும் அவரது செல்வத்தைக் கரைத்தன. 1957இல் அவர் மறைந்தார். சென்ற் லூயிஸ் கட்டடம் 1960களில் இடிக்கப்பட்டது. பிற்காலத்தில் ரொக் இசையால் உலகப் புகழ்பெற்ற சக் பெரி இளமையில் அந்நகரின் பொறோ நிறுவனத்திற் சிகையலங்காரம் கற்றவர் என்பது பலர் அறியாத செய்தி.

1920களிலும் 1930களிலும் மாநிலங்கள் ஒவ்வொன்றாகப் பெண்களின் சிகையலங்காரத்துக்கும் அனுமதிப்பத்திரத்தைக் கட்டாயமாக்கின. குறித்த மணித்தியாலங்கள் பாடசாலையிற் பயின்று, உடற்கூறும் சுகாதாரமும் பற்றிய பரீட்சையிற் சித்தியடைந்தோரே தொழில் செய்யலாம் என்றாயிற்று. தென்மாநிலங்களில் வெள்ளையினப் பாடசாலைகள் கறுப்பின மாணவியரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. பரீட்சைச் சபைகளில் வெள்ளையரே அமர்ந்திருந்தனர். சமையலறையில் அயலவரின் தலைவாரிச் சில சதம் ஈட்டிய ஏழைப் பெண் சட்டத்தை மீறியவளானாள். அதேவேளை கறுப்பினப் பாடசாலைகளுக்கு மாணவியர் தொகை பெருகியது. ஆடவரின் தொழிலை ஒடுக்கப் பயன்பட்ட அதே கருவி, பெண்களின் பாடசாலைகளை வளர்த்தமை வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. பொறோ, வோக்கர் பாடசாலைகளோடு, அட்லாண்டிக் நகரிற் சாரா ஸ்பென்சர் வாஷிங்டன் தொடக்கிய 'ஏபெக்ஸ்' பாடசாலைகளும் பல நகரங்களிற் பரவின.

இக்காலத்தின் தலைசிறந்த ஆசிரியை மார்ஜொறி ஸ்ருவர்ட் ஜொய்னர் எனலாம். வேர்ஜீனியாவில் 1896இற் பிறந்த அவர், 1916இற் சிக்காகோவிலிருந்த மோலர் பாடசாலையிற் பயின்று வெளியேறிய முதற் கறுப்பினப் பெண். வெள்ளையினப் பெண்களின் முடியை அலங்கரிக்க அங்கு நன்றாகவே கற்றார். தம் மாமியாரின் தலையை அலங்கரிக்க முயன்றபோதுதான் தம்மினத்தாரின் முடியைப் பற்றித் தாம் ஒன்றுமே கற்கவில்லை என்பது தெரியவந்தது. மாமியாரே பணங்கொடுத்து அவரை வோக்கரின் வகுப்புக்கு அனுப்பினார். கற்பிக்கப்பட்ட அறிவு யாருடைய தேவைக்காக வகுக்கப்பட்டது என்னும் வினாவை இதைவிட எளிதாக விளக்கும் நிகழ்ச்சி அரிது. பின்னர் ஜொய்னர் வோக்கர் நிறுவனத்தின் இருநூறுக்கும் மேற்பட்ட பாடசாலைகளை மேற்பார்வை செய்தார். முடியை நீண்டநாள் சுருளாக நிலைக்கச் செய்யும் மின்பொறி ஒன்றுக்கு 1928 நவம்பரில் ஆக்கவுரிமை பெற்றார். அவ்வுரிமை நிறுவனத்தின் பெயருக்கே சென்றது. அவருக்கு அதனால் வருவாய் கிட்டவில்லை. 1945இல் மேரி மக்லியொட் பெதியூனோடு இணைந்து பாடசாலை உரிமையாளரும் ஆசிரியரும் சேர்ந்த சங்கம் ஒன்றை நிறுவினார். 1954இல், தம்மவர்க்கு உள்நாட்டில் மறுக்கப்பட்ட உயர்பயிற்சியைப் பெறும்பொருட்டு, ஏறத்தாழ இருநூறு கறுப்பினச் சிகையலங்காரக்காரரைப் பாரிசுக்கு அழைத்துச் சென்றார்.

இக்கல்வியின் அரசியற் பயன் 1950களிலேயே முழுமையாக வெளிப்பட்டது. தென் கரோலினாவில் 1956இற் செப்ரிமா கிளார்க் என்னும் ஆசிரியை, கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் அங்கத்துவம் வகித்தமைக்காக வேலைநீக்கஞ் செய்யப்பட்டார். அவரது சம்பளம் அரசாங்கத்தின் கையிலிருந்தது. 1957 ஜனவரியில் ஜோன்ஸ் தீவில், வாக்காளராகப் பதிவுபெற விரும்பிய வளர்ந்தோருக்கு எழுத்தறிவிக்கும் முதல் வகுப்புத் தொடங்கியபோது அதன் ஆசிரியையாக அமர்ந்தவர் கிளார்க்கின் உறவினரான பேர்னிஸ் றொபின்சன். அவர் சிகையலங்காரம் செய்பவர். தமக்குக் கற்பிக்கத் தெரியாதென அவர் தயங்கினார். ஆயின் அவரை அவ்வேலைக்குத் தெரிந்தோர் அவரது தொழிலையே தகுதியாகக் கொண்டனர். அவருடைய வாடிக்கையாளர் அனைவரும் கறுப்பினப் பெண்கள். அவரை வேலைநீக்கஞ் செய்ய எந்த வெள்ளையராலும் முடியாது. மேலும் பிறர் பேசுவதைப் பொறுமையோடு கேட்கும் பழக்கம் அவருக்குத் தொழிலால் வந்திருந்தது. பதினான்கு பேரோடு தொடங்கிய அவ்வகுப்பின் முறை பின்னர் தென்மாநிலமெங்கும் பரவிற்று. மிசிசிப்பியிற் கிளார்க்ஸ்டேல் நகரில் வேரா பிஜீ தமது சிகையலங்கார நிலையத்திலேயே அத்தகைய வகுப்புகளை நடத்தினார். 1961 ஜனவரியில் ரெனசியிலிருந்த ஹைலாண்டர் பாடசாலை சிகையலங்காரப் பெண்களுக்கெனவே ஒரு தலைமைப் பயிற்சி வகுப்பைக் கூட்டியமை, இயக்கத்தினர் இவர்களது இடத்தை நன்கு அறிந்திருந்தமையைக் காட்டும்.

உரிமைச் சட்டங்கள் 1964இலும் 1965இலும் நிறைவேறிய பின்னர் கல்வியிலும் வேலையிலும் வேறு கதவுகள் திறந்தன. இளம்பெண்கள் முடியை இயல்பாக விட்டனர். சூட்டுச் சீப்பு அடிமைத்தனத்தின் சின்னமென இகழப்பட்டது. பரோஸ் அரை நூற்றாண்டுக்கு முன் கூறியதை அவர்கள் வேறு மொழியிற் கூறினர். இனவேற்றுமை நீங்கிய பாடசாலைகளுக்கு மாணவியர் சென்றமையாலும், பெரிய நிறுவனங்கள் இச்சந்தையினுள் நுழைந்தமையாலும் பழைய பாடசாலைகள் பல மூடப்பட்டன.

ஜொய்னர் ஆயிரக்கணக்கானோருக்குச் சான்றிதழ் வழங்கியவர். தம்மிடம் பல்கலைக்கழகப் பட்டம் இல்லாதவர். பெதியூன் நிறுவிய பெதியூன்-குக்மன் கல்லூரிக்கு நெடுங்காலம் நிதி திரட்டிக் கொடுத்த அவர், அதே கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்து 1973இற் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு.